இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்தின் அக்கா தங்கை

திரையில் ஓடும் கருவின் படங்களைப் பார்த்து ஒவ்வொரு செல்லுக்கும் பெயர் எழுதுவது அவள் வேலை. கடற்புழுவின் முட்டை இரண்டாகும், இரண்டு நான்காகும். எது எதிலிருந்து பிரிந்தது, கடைசியில் தோலானதா குடலானதா என்று வம்சாவளி வரைய வேண்டும். பிரிந்ததும் மேலே இருப்பது அக்கா, கீழே இருப்பது தங்கை என்று அவளே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ‘வம்சக்காரி’.

நான் அங்கே கண்ணாடித் தட்டுகள் கழுவுகிறேன். என் தொட்டி அவள் மேசைக்குப் பின்னால். ஏழு வருடத்தில் அவளைத் தேடி யாரும் வந்து பார்த்ததில்லை.

“என்ன வம்சக்காரி, சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமா?” என்பார் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்பவர்.

“நாப்பது பேர் பொறந்திருக்காங்க சார். ஒருத்தரும் சாப்பிட வரல.”

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போவதாக இருந்தது. முதல்முறையாக அவளையும் அழைத்திருந்தார்கள். புதுப் பெட்டி வாங்கி மேசைக்கடியில் வைத்திருந்தாள்.

அதற்கு முந்தைய திங்களன்று அவள் கை நின்றுவிட்டது. மற்றவர்கள் வரைந்த மூன்று கருக்களிலும் ஒரு குறிப்பிட்ட அக்காவின் வாரிசுகள் தோலாகியிருந்தன. இவளுடையதில் குடலுக்குள் கிடந்தன. படங்களைப் பின்னோக்கி ஓட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டில் அக்காவும் தங்கையும் ஒட்டி நின்றன. அடுத்ததில் தங்கை மேலே ஏறியிருந்தது. மேலே இருந்ததால் அதையே அக்கா என்று எழுதியிருந்தாள்.

ஆய்வகத்தை நடத்தும் மேடத்திடம் போய்ச் சொன்னாள்.

“அந்த ரெண்டு பேரை மாத்திட்டா முடிஞ்சுதே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும்.”

“ஆகாது மேடம். இங்க செல்லைப் பாக்காம பழக்கத்துல எழுதியிருக்கேன். வேற எங்கெல்லாம் அப்படி எழுதினேன்னு எனக்கே தெரியாது. மொதல்ல இருந்து பாக்கணும்.”

மேடம் நாட்காட்டியைப் பார்த்தார். “அப்போ மத்த மூணை வச்சு நாங்க பேசிக்கிறோம். நீங்க இருந்து இதைப் பாருங்க.”

“சரிங்க மேடம்.”

வெள்ளிக்கிழமை ஒரே வண்டியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முதல் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். அவளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று நான் குழாயை நூலாகத் திறந்தேன்.

“அக்கா, கொஞ்சம் சத்தமாவே தொறந்து விடுங்களேன்.”

திறந்துவிட்டேன். கழுவ அன்று இரண்டே தட்டுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் நான்கு முறை கழுவினேன்.