சிஸுவே பங்குபோட்ட வைத்தியம்

கையில் எது வந்தாலும் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காவிட்டால் சிஸுவேக்குச் சோறு இறங்காது. ஹிரோஷிமா கடலோரத்தில் அந்தப் பழக்கம் எல்லோருக்கும் உண்டுதான்; இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். பூசணிக்காய் வேகவைத்தால் ஒரு கிண்ணம், எலுமிச்சை காய்த்தால் ஒரு பை. வாங்கியவர்கள் சும்மா இருக்க முடியுமா? பதிலுக்கு ஏதாவது கொண்டுவந்து தந்தாக வேண்டும். கொடுத்தது சரியில்லை என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வராது. அந்த நல்ல குணம்தான் கடைசியில் ஒரு கையைத் தின்றது.

முப்பது வருஷம் சிப்பி உடைக்கும் கொட்டகையில் நின்றவள் அவள். ஐம்பத்தெட்டாவது வயதில் வலது தோள் இறுகிப்போய்த் தலை வார முடியவில்லை. "ஐம்பது வயசுல வர்ற தோள்வலி, தானா போயிடும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். எங்கே போனது? மருத்துவமனையில் உடற்பயிற்சி மூலம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் குரோடாவிடம் போனாள். அவர் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சிப்பிக் கத்தியைப் பிடிக்கச் சொல்லியும் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கென்றே நான்கு பயிற்சிகள் வரைந்து கொடுத்தார். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கி, வலித்தாலும் இழுக்க வேண்டும். மூன்று மாதத்தில் கை உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

கொட்டகையில் அவளுக்கு அடுத்து நிற்பவள் தொயோமி. அடுத்த வீட்டுக்காரியும் அவள்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கத்தி பிடிக்கும் வலது கைதான் சோறு போட்டது. இப்போது அந்தத் தோளில் வலி.

"டாக்டர்கிட்ட போனா வேலையை நிறுத்தச் சொல்லுவாங்கக்கா. சீசன்ல நின்னா என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் நான் எங்க போறது?"

"நீ ஏண்டி போகணும்? அதான் நான் போய்ட்டு வந்தாச்சே! வா, சொல்லித் தரேன்."

சிஸுவே அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு தடையும் இல்லாமல் காதுவரை போனது. விட்டாள். பொத்தென்று விழுந்தது.

"அடியே, உனக்கு இறுகவே இல்ல! என்னைவிட நீ சீக்கிரம் தேறிடுவ."

இருவரும் சிரித்தார்கள். சிஸுவேயின் தோள் யார் தூக்கினாலும் ஏறாமல் இருந்தது. இவளுடையது பிறர் தூக்கினால் ஏறியது, தானாக நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய் என்று அந்தக் கொட்டகையில் யாருக்குத் தெரியும்?

தொயோமி தினமும் வேலை முடிந்து வந்து கதவு நிலையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாம் வாரம் பதில் மரியாதையாகத் தக்காளி போலிருக்கும் சீமைப் பனிச்சைப் பழங்கள் வந்தன. நான்காம் வாரம் ஒரு முழுச் சங்கரா மீன்.

"எப்படிடி இருக்கு?"

"தேவலக்கா, எல்லாம் உங்க தயவு."

சொன்னவள் சாப்பாட்டுக் குச்சிகளை இடது கையால் எடுத்தாள். சிஸுவே அதைப் பார்த்தாள். மனசு திக்கென்றது. "எனக்கும் முதல்ல இப்படித்தான். இன்னும் நல்லா இழு" என்று சொல்லி மனசை அடக்கிக்கொண்டாள்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை, தொயோமியின் கையிலிருந்து கத்தி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. வரிசை மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சிஸுவேதான் அவளைக் குரோடாவிடம் அழைத்துப்போனாள்.

தொயோமி தினமும் கதவு நிலையில் இழுத்ததைக் கேட்டுக்கொண்டு, அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"தசைநார் முதல்ல கொஞ்சமா கிழிஞ்சிருந்திருக்கும்மா. அதைப் போட்டு இழுத்து முழுசா அறுத்திருக்கீங்க. இனி ஆபரேஷன் பண்ணாலும் கத்தி பிடிக்கிற பலம் திரும்பாது. யாரு இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தது?"

"யாருமில்லைங்க. டிவில பார்த்து நானா பண்ணேன்" என்று தொயோமி தலை குனிந்தாள்.

குரோடா சிஸுவேயைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தாள்.

"ஆமா டாக்டர், டிவிலதான் பார்த்தா."

சொன்னது தன் குரல்தான் என்று அதன்பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.