டெஸ்டருக்கு நான் செய்த பெட்டி

என் மேசைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் என்று எதைச் செருகினாலும் நல்லதா கெட்டதா என்று சின்னத் திரையில் சொல்லிவிடும் டெஸ்டர் அதற்குள் இருக்கிறது. வாங்கியபோது வெறும் சர்க்யூட் போர்டாக வந்தது. ஈயத் துணுக்கு பட்டு ஷார்ட் ஆகிவிடுமே என்று, பூனாவின் பாணேர் பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்து 3D பிரிண்டரில் நானே பெட்டி வரைந்து அச்சிட்டேன். முதல் இரண்டு முறை மூலை தூக்கிக்கொண்டது. மூன்றாவது கச்சிதமாக அமைந்தது. நான்கு திருகு, பட்டனை அழுத்த மூடியில் ஒரு குச்சி. மேனேஜரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் புது பேட்டரி செத்தது. சந்தேகம் என் கூடவே பிறந்தது. கோவையிலிருந்து பூனாவுக்கு வந்தபோது அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அந்த மேசையில் வேலை பார்த்தது நானும் டெக்னீஷியனும் மட்டுமே. அவர்தான் புது பேட்டரியை எடுத்துக்கொண்டு பழையதைச் சொருகியிருப்பார் என்று நினைத்தேன். அவர் பூனாவிலேயே கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர். ஒப்பந்த வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தார். வேறொரு பேட்டரி போடச் சொன்னேன்; போட்டார். மறுநாளிலிருந்து காலையில் வந்து பார்த்தால் நான்கு திருகும் தளர்ந்திருக்கும். சாயங்காலம் கிளம்பும்போது நான் இறுக்குவேன், மறுநாள் காலை மீண்டும் தளர்ந்திருக்கும். மூடியின் விளிம்பில் மெல்லிய டேப் ஒட்டிப் பார்த்தேன்; அதுவும் பிரிந்திருந்தது. ஆனால் பேட்டரி என்னவோ நன்றாகவே உழைத்தது. நான் கண்காணிப்பது தெரிந்து பயந்துவிட்டார், பழைய பேட்டரியைச் சொருகும் வேலையை நிறுத்திவிட்டார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் அவரே சொன்னார்: “மேடம், ஒருதபா நீங்களே இத்த தொறந்து பாருங்க. உள்ள கொஞ்சம் கட்பட், ஏதோ கோளாறு இருக்குது.”

மாட்டிக்கொள்வதற்கு முன்பே சாக்கு தேடுகிறார் என்று பட்டது. “அதெல்லாம் வேண்டாங்ணா,” என்றேன். அவர் சால்டரிங்கைத் தொடர்ந்தார்.

அவரை நிரந்தரமாக்கலாமா என்று மேனேஜர் என்னைத்தான் கேட்டார். திருட்டு என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. “கருவிகளைச் சொல்லாமல் திறக்கிறார்” என்று மட்டும் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. மாதக் கடைசியில் அவர் டிபன் டப்பாவோடு போய்விட்டார்.

அவர் போன மூன்றாம் நாள் பேட்டரி செத்தது. வேறு வழியின்றி அன்றுதான் பெட்டியைத் திறந்தேன். நான் வைத்த குச்சி நீளம். மூடியை இறுக்கினால் பட்டனை விடாமல் அழுத்தி, திரை அணைந்த பிறகும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குச்சியில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதற்கு. இன்ஜினியர் வரைந்ததில் கை வைக்காமல், எனக்காகக் குறித்துவிட்டு, தினமும் நான் கிளம்பிய பிறகு திருகைத் தளர்த்திவிட்டுப் போயிருக்கிறார்.

மேனேஜரிடம் ஓடினேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது என்றார். குச்சியைக் கோட்டோடு வெட்டிவிட்டேன். பேட்டரி இப்போது மாதக்கணக்கில் வருகிறது. அவருக்கு அவ்வப்போது போன் செய்கிறேன். மணி முழுதாக அடித்து ஓய்கிறது. என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் இருக்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். இந்த ஒரு சந்தேகம் சரியாகத்தான் இருக்கும்.