செவ்வந்தி என்று நினைத்த செடி

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலம்பாளையத்தில் வீடு கட்டிக் குடிபோனோம். ஐப்பசி மழைக்குப் பிறகு, பின்புறக் காலியிடத்தில் யாரும் நடாமலே ஒரு வகைச் செடி கூட்டமாக முளைத்து வந்தது. இலை வெட்டு வெட்டாக இருந்ததால் செவ்வந்தி என்றே நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இடுப்பளவு வளர்ந்து, பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ பூத்தது.

என் கணவருக்குப் பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் வேலை. அந்த மார்கழியில் அவர் கைகளும் கழுத்தும் தடித்துச் சிவந்தன. பிளீச்சிங் பவுடர்தான் காரணம் என்றார்கள் எல்லோரும். “வேலையை விட்டுடறேன்” என்றார்.

பொங்கலுக்குப் பட்டறை லீவு விட்டார்கள். அவர் வீட்டிலேயே இருந்து, பின்புறம் அந்தச் செடிகளுக்கு நடுவே பாத்தி கட்டினார். அரிப்பு அடங்கவில்லை, அதிகமானது. அப்போதுதான் எனக்கு அந்தச் செடிமேல் சந்தேகம் தட்டியது.

பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா ஆடு வளர்ப்பவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவரும் சொன்னார்: “இது செவந்தி இல்ல, கண்ணு. என்ற ஆடு கண்டதையும் திங்கும். இத மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருதே!”

ஓர் இலையைப் பறித்து என் முழங்கை மடிப்பில் தேய்த்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்த இடம் தடித்திருந்தது. ஓடிப்போய் என் கணவரிடம் காட்டினேன். “பவுடர் இல்லீங்க! இந்தச் செடிதானுங்க!”

“அட, ஆமா!” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடுங்குவதற்குக் கிளம்பியவரைத் தடுத்தேன். “நீங்க கிட்டவே வரக்கூடாதுங்க.”

பனியன் வேஸ்ட் துணியைக் கைகளில் தடிமனாகச் சுற்றி, மூக்கையும் கட்டிக்கொண்டேன். மண்ணை நனைத்துவிட்டு வேரோடு இழுத்தேன். பூத்த செடிகளுக்கு முதலில் தலையில் துணிப்பையை மாட்டி, விதை சிந்தாமல் பிடுங்கினேன். எல்லாவற்றையும் குழியில் போட்டு ஆழமாக மூடினேன். வேலிக்கு அப்பால் ராவுத்தரம்மாவும் அதேபோல் பிடுங்கினார். சும்மா விடுமா அது? மண்ணில் கிடந்த விதை தண்ணீர் பட்டதும் மறுபடி முளைத்தது. மொட்டு வருமுன் மறுபடி பிடுங்கினோம்.

சித்திரையில் என் கணவரின் தோல் பழையபடி ஆனது. வேலையை விடவில்லை. “என்ற ஊட்டுக்காரிதானுங்க கண்டுபுடிச்சா” என்று பட்டறை முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். அப்புறம் எங்கள் வீதியில் யாருக்குக் கை அரித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மகாராணி மாதிரி போவேன். அதன் பெயர் பார்த்தீனியம் என்று தெரிந்தது வெகுநாள் கழித்துத்தான். அதற்குள் எங்கள் வீதியில் அது ஒன்றுகூட இல்லை.