எறும்பு தின்ற ஆறு

ஜமீலாக்கா இறந்துவிட்டார். இன்று காலை, மகன் வீட்டில்.

அழுதுகொண்டுதான் இருந்தேன்… எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்பைத் திறக்கும்வரை.

எழுபதுகளில் எடுத்த ஒரு போட்டோவை சுப்பையா சார் போட்டிருக்கிறார். நீள மேசை, மேலே குட்டிக் குட்டிச் சிப்பாய்கள், சுற்றி நாங்கள் ஐந்து பேர். கீழே எழுதியிருக்கிறார்: "எங்கள் யுத்த விளையாட்டின்போது டீ போட்டுக் கொடுத்து உற்சாகப்படுத்திய சகோதரி ஜமீலாவுக்குக் கண்ணீர் அஞ்சலி."

டீயா?

டீ எதிர்க் கடையிலிருந்து வந்தது. ஜமீலாக்கா ஒரு நாளும் அங்கே டீ போட்டதில்லை. அந்த யுத்தமே அவருடையது.

குரூப்பில் பதில் எழுதினால் நாலு கும்பிடும் இரண்டு பூவும் வந்து மூடிவிடும். அதனால் இங்கே, என் பக்கத்தில், எல்லாரும் படிக்க எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். சுப்பையா சார் மேனேஜர், ஜமீலாக்கா புக்கிங் கிளார்க். நான் டைப்பிஸ்ட், அமராவதிபுதூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது… வாய் திறந்து பேச மட்டும் காலேஜில் சொல்லித் தரவில்லை.

அக்காவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் சிப்பாய்கள் கொண்டுவந்தார். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. கூடவே ஆட்ட விதிகள் எழுதிய ஒரு இங்கிலீஷ் புத்தகம்.

எனாமல் பெயின்ட் அந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது, உரிந்து வந்துவிடும். அக்கா ஒவ்வொரு சிப்பாயையும் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். பிசுக்குப் போனதும் பெயின்ட் பிடித்துக்கொண்டது. கண் வைக்க ஈர்க்குச்சி முனை.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு எதற்கம்மா நம்ம ஊர்க் கலர் என்று சார் கிண்டல் செய்தார்.

"நம்ம ஊரு வெயில்ல நிக்கிறான்ல சார். கறுக்க மாட்டானா?"

இப்போது குரூப்பில் சார் அவற்றை 'நம்ம கிளப் சோல்ஜர்ஸ்' என்கிறார். எந்தக் கிளப்?

சனிக்கிழமை மதியம் லோடு போனபின், குடோனில் சும்மா கிடந்த பழைய பார்சல் மேசையில் ஆட்டம் நடக்கும். மேலே பச்சைத் தார்ப்பாய், அடியில் செங்கல் வைத்தால் மேடு. தையல் டேப்பால் அளந்துதான் ஆளை நகர்த்த வேண்டும். ஆறு இருந்தால் பாலத்தில்தான் கடக்கலாம். எதிராளியின் மேட்டில் நிற்கும் கொடியைப் பிடித்தால் ஜெயம்.

நான் அம்பயர். புத்தகத்தை வாசிப்பவள் என்பது ஒரு காரணம். வாய் பேசாத பொண்ணு, சண்டைக்கு வராது என்பது சார் சொன்ன காரணம்.

ஆற்றை நான்தான் போட்டேன். கோலம் போடுகிற அரிசி மாவில்.

ஒரு சனிக்கிழமை மழை இருட்டு. ஆட்டத்தின் பாதியில் கரண்ட்டும் போய்விட்டது. சாரின் குதிரைப்படை மொத்தமும் அந்தக் கரையில் முடங்கிக் கிடந்தது. பாலத்தை அக்காவின் பீரங்கி அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த சனிக்கிழமை தொடரலாம் என்று அப்படியே விட்டுப் பூட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை… சிப்பாய்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். ஆற்றைக் காணோம்.

மேசையை ஒட்டி வெல்ல மூட்டை. எறும்புகள் வரிசை கட்டி வந்து மொத்த ஆற்றையும் தின்றுவிட்டிருந்தன.

நான் மாவுக் கிண்ணத்தைத் தேடுவதற்குள் சார் குதிரைகளை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார், ஆத்துக்குள்ள குதிரைய விடுறீக?" என்றார் ஜமீலாக்கா.

"ஆறு எங்கம்மா இருக்கு? மேசையில என்ன இருக்கோ அதுதான் ஆட்டம்."

அந்த ஆபீஸில் முதன்முறையாக நான் சத்தமாகப் பேசினேன். "இங்குட்டுதான் சார் இருந்துச்சு. நான்தான போட்டேன்."

சிரித்தார்கள். எறும்பு குடித்துவிட்டதாம்… கேஷியர் சொன்னார். குடோன் கிளார்க் தலையாட்டினார்.

ஜமீலாக்கா சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சாரின் குதிரைகள் எல்லாம் இந்தக் கரைக்கு வந்துவிட்டன. சாருடைய மேட்டில் கொடியைத் தவிர யாரும் இல்லை.

அக்கா டேப்பை எடுத்தார். தன் காலாட்படையை அந்தப் பக்கம் நகர்த்தினார். பாலத்தில் அல்ல… ஆறு இல்லாத இடத்தில், நேராக. சார் குதிரைகளைத் திருப்புவதற்குள் கொடி அக்கா கையில்.

புத்தகத்தைப் பார்த்தேன். அளவைச் சரிபார்த்தேன். ஜமீலாக்கா ஜெயித்ததாகச் சொன்னேன்.

"அதெப்படி? ஆறு இருந்துச்சுன்னு நீதானம்மா சொன்ன? அவ ஆளுக எப்படி அங்குட்டுப் போகலாம்? இந்த ஆட்டம் செல்லாது."

சாரின் குதிரைக்கு வற்றிய ஆறு அக்காவின் சிப்பாய்க்கு மட்டும் ஓடியது. மற்ற இரண்டு பேரும் அதற்கும் தலையாட்டினார்கள். மேனேஜர் அல்லவா.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா விடவில்லை. சார் மகள் கல்யாணப் பந்தியில், சாப்பாடு எப்படி என்று விசாரித்துக்கொண்டு சார் வந்தார். "சாப்பாடு இருக்கட்டும் சார். அந்த ஆட்டம் யாரு ஜெயிச்சா?" பாயசம் கொண்டுவரச் சொல்லிவிட்டு சார் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

போன மாதம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது. "ஏத்தா, அந்த மனுசன் ஒத்துக்கிட்டாரா?"

இல்லை என்றேன்.

"அவருக்கு வயசாகுது. சீக்கிரம் கேட்டு வை."

சிரித்தார்… இருமினார்… வைத்துவிட்டார்.

சுப்பையா சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள். போட்டோ இருக்கட்டும். டீயை எடுங்கள்.

எடுக்காவிட்டாலும் போங்கள். அம்பயர் நான். அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும். கொடி ஜமீலாக்காவுடையது.

கேட்டுட்டேன், அக்கா. எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டேன்.

போய்ட்டு வாங்க.