கிணற்றில் மிச்சமிருந்த சம்பூர்ணம்

கும்மிடிப்பூண்டியில் வலி மாத்திரைக்கு மூலப்பொருள் செய்கிற கம்பெனி ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் செங்கல்வராயன். புழங்குவது அழுக்குத் தண்ணீரில். பேசுவது சுத்தத்தைப் பற்றி. கேன்டீன் தண்ணீரை வாயில் வைக்கமாட்டார். தன் வீட்டுக் கிணற்று நீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, அதன் பெருமையை எல்லோருக்கும் ஊற்றுவார்.

போன வருஷம் அங்கே பிளாஸ்மா கருவி வந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் காற்றை விட்டு, உயரழுத்த மின்சாரம் கொடுத்தால் ஊதா வெளிச்சம் எரியும், ஆனால் சுடாது. அதனடியில் ஓடும் தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்தை அது துண்டு துண்டாக உடைத்துவிடும். அறையில் இடி விழுந்த இடத்து வாசனை அடிக்கும். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வரும் வேதியியல்காரி காயத்ரி அதை நடத்தினாள்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், தண்ணீரில் மருந்து இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனைக் கருவியில், எதுவும் கலக்காமல் காய்ச்சி வடித்த வாலைநீரை விட்டுப் பார்ப்பது முறை. திரையில் கோடு நேராகப் போகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை வாலைநீர் தீர்ந்திருந்தது. செங்கல்வராயன் கலங்கவில்லை. கையில் இருந்த பாட்டிலை வாலைநீர்க் கேனில் கவிழ்த்தார்.

கோடு பாதி வழியில் மலைபோல் எழும்பி இறங்கியது.

"அண்ணா, கேன்ல இன்னா ஊத்துனீங்க?"

"எங்க ஊட்டுத் தண்ணிம்மா. அதவிட சுத்தமா எங்க கெடைக்கும்?"

"நல்ல சுத்தம். இதுல மருந்து கலந்து கீது."

"நம்ம கம்பெனி அங்கயும் வந்துட்சா!"

"நம்ம சரக்கு இல்லண்ணா. நாம இத செய்யறதே கெடையாது." ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக ஓட்டி, மத்தியானம் சொன்னாள்: "கார்பமாசெபின். வலிப்பு மாத்திரை. உடம்புல கொஞ்சம் தங்காம வெளிய போயிடும். மண்ணுல சீக்கிரம் அழியாது."

தன் கம்பெனி மருந்தின் பெயரை இன்னும் தடுமாறிச் சொல்கிற மனிதர் இந்தப் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். பதினோரு வருஷம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பெயர். மனைவி சம்பூர்ணத்துக்கு.

"அவ போயி மூணு வருஷம் ஆவுதேம்மா."

கிணற்றுக்குப் பன்னிரண்டு அடி தள்ளி செப்டிக் டேங்க். இரண்டுக்கும் இடம் பார்த்தவர் அவரே.

பழவேற்காட்டில் சாம்பலைக் கரைத்து, பதினாறாம் நாள் காரியமும் முடித்து, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சோதனைக் கருவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. காலை டீயிலும் ராத்திரி ரசத்திலும் அவளைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தன்னைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மகள் ஹேமாவதிக்கு ஏழாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை பிரசவத்துக்கு வருகிறாள். புதன்கிழமையே ஒரு குடம் கிணற்று நீரைச் சுமந்துகொண்டு காயத்ரியிடம் போனார்.

"பொண்ணு குடிக்கலாமா?"

"ஒரு மாத்திரை அளவு உள்ள போவ எரநூத்தி எழுபது வருஷம் குடிக்கணும்ண்ணா. ஆனா மாசமா இருக்கறவங்கள நான் குடிக்கச் சொல்லமாட்டேன்."

"இத அந்த ஊதா மிஷின்ல ஓட்டு, பாக்கலாம்."

ஊதா வெளிச்சம் எரிந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காயத்ரி சோதித்தாள். மலை குன்றானது, குன்று மேடானது. இருபதாவது நிமிஷம் கோடு நேராகப் போயிற்று.

"போயிடுச்சுண்ணா!" என்றாள் சந்தோஷமாக.

"எங்க போச்சு?"

"ஒடைஞ்சிடுச்சு. துண்டுங்க இன்னா இன்னான்னு இன்னும் பாக்கல. அதனால இதையும் குடிக்காதீங்க."

பிணவறை வாசலில் விவரம் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி அவர் தலையாட்டினார். மீதித் தண்ணீரை ஓட்டவேண்டாம் என்று குடத்தோடு திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமாவதி பையை வைத்த கையோடு கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கி, மொண்டு இழுத்தாள். செங்கல்வராயன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. கேன் தண்ணி வாங்கி வெச்சிக்கிறேன்."

"இன்னா நைனா, எலி விழுந்துட்சா?"

மோட்டார் எண்ணெய் கலந்துவிட்டது என்று சொல்லத்தான் யோசித்து வைத்திருந்தார். வாய் வேறு சொன்னது. "உங்கம்மா மாத்திரை இன்னும் அதுல கீதாம்மா. மிஷின்ல பாத்துட்டாங்க."

ஹேமாவதி குனிந்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தார்.

"ஒரே ஒரு வாய் குடு நைனா" என்றாள்.

வாளி பாதி ஏறியிருந்தது. கயிற்றை விட்டார், அது உள்ளங்கையை உரசிக்கொண்டு வாளியோடு கிணற்றுக்குள் ஓடியது.