அழகையா சாகவிட்ட பிள்ளை

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற அழகையாவுக்குச் சினிமாப் பைத்தியம். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனுசன் சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் தின்பான். கூட்டாளிகள் இரண்டு பேர்: லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற ரெங்கசாமி, தோட்டத்துக் கடை ஸலீம் நானா. மூவருமாக பஸ் ஏறிப் பசறை வழியாகப் பதுளைக்குப் போய்ப் பகல் ஆட்டம் பார்ப்பார்கள். ஆனால் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துப் படம் அனுமார் வால். பாட்டே பாதிப் பொழுதை விழுங்கிவிடும். மடுல்சீமைக்குப் போகிற கடைசி பஸ் படத்துக்காக நிற்குமா என்ன? முடிவு வருவதற்கு முன்னமே எழுந்து ஓட வேண்டியதுதான்.

ஆகவே முடிவை பஸ்ஸில் வைத்து இவர்களே எடுப்பார்கள். தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையைப் பறித்து இரண்டு மூன்று வருசம் ஆகியிருந்தது. தாங்களாக முடிவெடுக்க அவர்களுக்கு மிஞ்சியிருந்தது படம் ஒன்றுதான். வளைவுக்கு வளைவு ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டே பிய்த்து உதறுவார்கள். கதாநாயகி பூப்பறிக்கிற காட்சியை அழகையா ஒத்துக்கொள்ளவே மாட்டான். "ஒத்தக் கையால கிள்ளிக்கிட்டு நிக்கிறா. நம்ம மலையில இப்புடிப் பறிச்சா அரைப்பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம்" என்பான். வில்லனுக்கு மீசை போதாது என்பார் ஸலீம் நானா. ரெங்கசாமிக்கு எதுவுமே பிடிக்காது. அதற்கென்றே டிக்கட் வாங்குகிறவன் அவன். யார் எவ்வளவு கத்தினாலும் கடைசித் தீர்ப்பு அழகையாவுடையது. அவன் தீர்ப்பில் ஒருத்தரும் சாகமாட்டார்கள். பிரிந்தவர்கள் சேர்ந்தாகும், படுத்தவர்கள் எழுந்தாகும். பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அந்தக் கதையைக் கேட்டு நிம்மதியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இந்த நிம்மதிக்கு வந்தது பாருங்கள் ஒரு வினை. மாமியார் துரத்திவிட்ட மருமகள் ஒருத்தியின் கதை. ஒழுகுகிற குடிசையிலே காய்ச்சலோடு கிடக்கிறாள். சீமைக்குப் போன புருசன் குதிரைமேல் வந்துகொண்டிருக்கிறான். அந்த இடத்தில் நம்மவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள்.

"பொழைச்சிருவா," என்றான் அழகையா. "தலமாட்டுல இருந்த மருந்தப் பாத்தீங்கல்ல? நம்ம டிஸ்பென்சரி வெள்ளத் தண்ணி இல்ல அது, கலர் மருந்து." கறுப்பு வெள்ளைப் படத்திலே அவனுக்கு மட்டும் எப்படித்தான் கலர் தெரிந்ததோ.

"செத்துருவா," என்றான் ரெங்கசாமி. "குதிரைக்கு முன்னங்கால் நொண்டுது. அவன் வந்து சேர விடிஞ்சிரும்."

லயம் இரண்டாகிவிட்டது. குதிரைக் கட்சி அடுப்புப் பற்றவைக்க வந்து கேட்டால் மருந்துக் கட்சி நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் ஸலீம் நானா ஒரு வழி சொன்னார்: "ஒரு ஆள் பஸ்ஸ விட்டுட்டு, முழுப் படத்தையும் பாத்துட்டு வரட்டுமே." பொய் சொல்லமாட்டேனென்று மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணி அடுத்த ஞாயிறு அழகையாவே போனான்.

போனவன் பதுளை ரயில் ஸ்டேஷனில் படுத்துக்கிடந்து, மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கும்போது காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். ஏன் வரவில்லை என்று கங்காணி பிடித்துக்கொண்டார்.

"ஒரு சாவுங்க," என்றான்.

"ஐயையோ! சொந்தமா?"

"சொந்தம்னு சொல்ல முடியாதுங்க. பதுளையில வச்சுப் பழக்கம்."

கங்காணி தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "போய்க் குளிச்சிட்டுப் படு" என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் பீலியடியில் ஊரே கூடியது. அழகையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "போயிருச்சு. புருசன் வாசல்ல வந்து எறங்கயில உசுரு போயிருச்சு."

ஜெயித்தவன் துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், ரெங்கசாமி பேயறைந்த மாதிரி நின்றான். "அடப்பாவி! நான் ஒரு வாய்ப்பேச்சுக்குச் சொன்னேன்டா. நீ போயி நெசமாவே சாகவிட்டுட்டு வந்து நிக்கிறியே!"

"நானா சாகவிட்டேன்?"

"பின்ன? இத்தன வருசமா நாம எந்திரிச்சு வந்த படத்துல ஒரு உசுரு போயிருக்கா? நீ உக்காந்த, போயிருச்சு."

அழகையா யோசித்துப் பார்த்தான். அதில் நியாயம் இருக்கிற மாதிரியே பட்டது. அதற்குள் அடுத்த லயத்துக் கருப்பம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். ஸலீம் நானா மரியாதைக்குக் கடையில் ஒரு பலகையைச் சாத்தினார்.

அவன் பெண்டாட்டி இராக்கம்மா படம் என்று ஒன்றைக் கண்ணால் கண்டவளில்லை. அவள்தான் ரொம்ப உடைந்துபோனாள். சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு பொம்பளப் புள்ள கண்ணு முன்னால சாகுது. கையக் கட்டிக்கிட்டா இருந்தீங்க?"

"நான் டிக்கட் வாங்குனவன்டி. டாக்டரா?"

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்திருக்கலாம்ல?"

அந்த மாதம் முழுக்க அவனோடு முகங்கொடுத்துப் பேச ஆளில்லை. கவ்வாத்து மலையில் அவனுக்குப் பக்கத்து நிரையை ஒருத்தரும் எடுக்கவில்லை. பிரசவமான வீட்டுப் பக்கம் போனால், "இங்கன வராதீங்கண்ணே" என்று கதவைச் சாத்தினார்கள். அடி உதை என்றால்கூடத் தாங்கியிருப்பான். பேச்சுத் துணை இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. நெசமாகவே நான்தான் கொன்றேனோ என்று தேயிலைச் செடியிடம் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

அடுத்த சம்பளத்துக்கும் அதே படம் ஓடிக்கொண்டிருந்தது. பரிகாரத்தை ரெங்கசாமி கண்டுபிடித்தான். "எல்லாருமாப் போவோம். குதிரை வந்ததும் ஒண்ணா எந்திரிச்சிருவோம். புள்ள பொழைச்சிக்கிரும்." அழகையா மறுபடியும் உட்கார்ந்து காரியத்தைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள, ஒப்பாரி வைத்த கருப்பம்மாவோடு இராக்கம்மாவும் கிளம்பினாள்.

குடிசை வந்தது, மழை வந்தது, காய்ச்சல் வந்தது. இராக்கம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். குதிரை வந்ததுதான் தாமதம், "எந்திரிங்க!" என்று ரெங்கசாமி குரல் கொடுத்தான். வரிசை மொத்தமும் எழுந்தது. எல்லாருக்கும் முதலில் எழுந்தவன் அழகையா. நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால், இராக்கம்மா இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

பதறிப்போய் ஓடிவந்தான். "ஏய், எந்திரிடி! அந்தப் புள்ள செத்துரும்!"

"அது சாகத்தான் போகுது. மூச்சு வாங்குறதப் பாத்தா தெரியலையா?" என்றாள் இராக்கம்மா. லயத்தில் எத்தனையோ பேருக்குத் தலைமாட்டில் இருந்து பால் ஊற்றியவள் அவள். "புருசன் இன்னும் வந்து சேரல. பெத்தவ இல்ல. நாமளும் எந்திரிச்சுப் போயிட்டா அதுக்கு யாரு இருக்கா?"

அழகையா உட்கார்ந்தான். வாசலில் நின்ற ரெங்கசாமி திரும்பி வந்தான். ஸலீம் நானாவும் கருப்பம்மாவும் ஒவ்வொருத்தராக வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். வெளியே மடுல்சீமை பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

திரையில் தலை சாய்ந்தபோது இராக்கம்மா இருட்டில் புருசன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நல்ல வேளை," என்றாள் அழுதுகொண்டே. "அன்னிக்கு நீங்களாச்சும் கூட இருந்தீங்க."