பஸ் ஜன்னலில் காட்டிய கல்லறை

எங்கள் ஊர் தா.பழூர். என் மாமனார் கைக்குழந்தையாக இருந்தபோது, அவருடைய அப்பா இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் இறந்துபோனார். ரோம் நகரத்துப் போர்வீரர் கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கவே நானும் கணவரும் ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்தோம். "கண்டிப்பா கூட்டிட்டுப் போறோங்க" என்றார்கள். நம்பினோம்.

ரோமில், ஓடும் பஸ்ஸிலேயே, "வலது பக்கம் பாருங்க, நீங்க கேட்ட கல்லறை!" என்றார் கூட வந்த மேனேஜர். பஸ் நிற்கவில்லை.

"இறக்கி விடுங்க சார்!"

"அதுக்கெல்லாம் டைம் இல்லைங்க."

அடுத்து நிறுத்தியது தோல் பை விற்கும் கடையில். அங்கே மட்டும் இரண்டு மணி நேரமாம்! நாங்கள் டாக்சி பிடித்துக் கல்லறைக்கு ஓடினோம். கேட்டைப் பூட்டுவதற்குள் பெயரைத் தேடித் தொட்டுப் பார்த்து, படமும் எடுத்துவிட்டோம். திரும்பியதும், "உங்களாலதான் எல்லாருக்கும் லேட்டு" என்று மேனேஜர் முறைக்கிறார்!

இப்போதெல்லாம் எந்தச் சுற்றுலாவானாலும், எங்கெங்கே இறக்கிவிடுவார்கள் என்று எழுதி வாங்காமல் நான் பெயர் கொடுப்பதில்லை.

ஊர் திரும்பியதும் படத்தைப் பார்த்த மாமனார் கேட்டது ஒன்றுதான்: "கிட்டப் போயி தொட்டுப் பாத்தியாம்மா?"

பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?